கிசுகிசுவா, பொதுநலனா? பெங்களூரு நீதிமன்றங்களின் ஊடகத் தடையாணைகள்: ஒரு விளக்கம்

பெங்களூரு: 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி, வெள்ளிக்கிழமை, பெங்களூருவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தீர்ப்புகள் வெளியாயின. மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம், ஹாசன் தொகுதி முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணாவைப் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என அறிவித்தது. மறுநாள் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே வெள்ளிக்கிழமை, தர்மஸ்தலா விவகாரத்தில் நகர உரிமையியல் நீதிமன்றம் பிறப்பித்திருந்த ஊடகத் தடையாணையை, யூடியூப் சேனல் ஒன்று தொடர்ந்த மனுவை ஏற்று கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

முதல் தீர்ப்பிலும் ஒரு தடையாணையின் பழைய கதை உண்டு. தண்டனைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2023 ஜூன் மாதத்தில், தம்மைப் பற்றிப் போலியாகத் தயாரிக்கப்பட்ட காணொளிகள் வெளியிடப்படலாம் என்று கூறி பிரஜ்வல் ரேவண்ணா பெங்களூரு உரிமையியல் நீதிமன்றத்தை அணுகினார். 86 ஊடக நிறுவனங்களும் 3 தனிநபர்களும் அவரைப் பற்றி அவதூறான செய்திகளை வெளியிட இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவர் பதவியிலிருந்த மக்களவை உறுப்பினர். முன்னாள் பிரதமர் எச்.டி.தேவெ கவுடாவின் பேரன். 2024 ஏப்ரலில், ஹாசனில் வாக்குப்பதிவு நெருங்கிய நாள்களில், அந்தக் காணொளிகள் பென் டிரைவ்களில் ஊரெங்கும் பரவின. வாக்குப்பதிவு முடிந்ததும் ஜெர்மனிக்குச் சென்ற அவர், மே 31-ம் தேதி பெங்களூரு விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தண்டனையை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்துள்ளார்.

2023-ல் அந்த மனுவை விசாரித்த நீதிமன்றத்தின் முன் இருந்தது மனுதாரரின் கூற்று மட்டுமே. அதை மறுக்கக்கூடியவர்கள் அவையில் இல்லை. பிரபலங்களின் தனியுரிமை, ஊடகங்களின் கிசுகிசு ஆர்வம், பொதுநலன் ஆகியவை பற்றிய விவாதம் இந்தியாவில் பெரும்பாலும் கொள்கை விவாதமாகவே நடைபெறுகிறது. பெங்களூருவின் அனுபவமோ பொதுநலன் குறித்த கேள்வி எந்தக் கட்டத்தில் எழுப்பப்படுகிறது என்ற நடைமுறைச் சிக்கலையே மீண்டும் மீண்டும் முன்னிறுத்துகிறது.

தடையாணை எப்படிக் கிடைக்கிறது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை, வழக்கு முடியும் வரை ஒரு செயலைத் தடுத்து நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. மனுதாரர் தரப்பில் முகாந்திரம் இருக்கிறதா, தடை விதித்தால் யாருக்கு அதிக இடையூறு, தடை விதிக்காவிட்டால் பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கு நீதிபதி விடை காண வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகே உத்தரவிட வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் மனுவின் நோக்கமே வீணாகிவிடும் எனக் கருதினால், காரணத்தைப் பதிவு செய்து, எதிர்த்தரப்பைக் கேளாமலேயே உத்தரவிடலாம் என்பது விதிவிலக்கு. செய்தி வெளியாகிவிட்டால் மானம் போய்விடும் என்ற வாதம் இந்த விதிவிலக்குக்குள் எளிதாகப் பொருந்திவிடுகிறது. இதனால் ஊடக வழக்குகளில் விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு ஒருதலையாகப் பிறப்பிக்கப்படும் தடை குறித்து 30 நாள்களுக்குள் இறுதி முடிவெடுக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று அதே கட்டளையின் 3-ஏ விதி கூறுகிறது. முடியாவிட்டால் அதற்கான காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் இடைக்காலத் தடைகள் மாதக்கணக்கில் நீடிப்பது அரிதன்று. ஒரு செய்தியின் ஆயுள் சில நாள்கள்தாம் என்பதால், ஊடகத்தைப் பொருத்தவரை இடைக்காலத் தடையே இறுதித் தீர்ப்பாக அமைந்துவிடுகிறது.

மனுவில் எதிர்மனுதாரர்களாக யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், கூகுள், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் என்று நீளும் பட்டியலின் இறுதியில் பெயர் தெரியாத ஒருவரும் இடம்பெறுவதுண்டு. ஆங்கில மரபில் ‘ஜான் டோ’ என்று குறிப்பிடப்படும் இந்தக் கற்பனை நபருக்கு இந்திய நீதிமன்றங்களில் வழங்கும் பெயர் ‘அசோக் குமார்’. அடையாளம் தெரியாத எவரையும் கட்டுப்படுத்துவதற்கான வழி இது. அவதூறு வழக்கை எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ பாதிப்பு ஏற்பட்ட இடத்திலோ தொடரலாம் என்பதால், இணையத்தில் வெளியாகும் செய்திக்கு டெல்லி, சென்னை ஊடகங்களும் பெங்களூரு நீதிமன்றத்தில் பதிலளிக்க நேரிடுகிறது.

49, 67, 8,842

2019 மக்களவைத் தேர்தலின்போது பெங்களூரு தெற்கு தொகுதியின் பா.ஜ.க. வேட்பாளர் தேஜஸ்வி சூர்யா, தம்மைப் பற்றிய அவதூறுச் செய்திகளுக்கு எதிராக மார்ச் இறுதியில் ஒருதலைத் தடை பெற்றார். தடைக்குள்ளான ஊடகங்கள் 49. வேட்பாளரைப் பற்றி அறியும் வாக்காளர் உரிமையைச் சுட்டிக்காட்டி, ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் உயர் நீதிமன்றம் சென்றது. ஏப்ரல் 18-ம் தேதி வாக்குப்பதிவுக்கு முன்னரே அந்தத் தடை விலக்கப்பட்டது.

2021 மார்ச் மாத நிகழ்வு இன்னும் விசித்திரமானது. ஆபாசக் காணொளி சர்ச்சையில் நீர்வளத் துறை அமைச்சர் ரமேஷ் ஜார்கிஹோளி மார்ச் 3-ம் தேதி பதவி விலகினார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். மூன்றே நாள்களில் எடியூரப்பா அமைச்சரவையின் ஆறு அமைச்சர்கள், சிவராம் ஹெப்பார், பி.சி.பாட்டீல், எஸ்.டி.சோமசேகர், கே.சுதாகர், நாராயண கவுடா, பைரதி பசவராஜ் ஆகியோர், 67 ஊடகங்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றனர். அவர்களைப் பற்றி அதுவரை எந்தக் காணொளியும் வெளியாகியிருக்கவில்லை. அரசியல் சதியால் போலிக் காணொளிகள் வெளியாகலாம் என்பதே மனுவின் அடிப்படை. வெளியாகாத ஒன்றுக்குத் தடை கேட்டது ஏன் என்று எதிர்க்கட்சிகள் சட்டப்பேரவையில் கேள்வி எழுப்பின. எரிச்சலடைந்த சுகாதாரத் துறை அமைச்சர் சுதாகர், 225 உறுப்பினர்களின் தனிவாழ்க்கையையும் விசாரித்து, யார் ஏகபத்தினி விரதர் என்று பார்த்துவிடலாம் எனச் சவால் விடுத்தார். பின்னர் வருத்தம் தெரிவித்தார். தனிவாழ்க்கையைக் காக்க நீதிமன்றம் சென்றவரே சக உறுப்பினர்கள் அனைவரின் தனிவாழ்க்கையையும் விசாரணைக்கு அழைத்தது அந்த விவகாரத்தின் முரண்.

2025 ஜூலை 18-ம் தேதி பிறப்பிக்கப்பட்ட தர்மஸ்தலா உத்தரவு அளவில் இவை அனைத்தையும் விஞ்சியது. தர்மஸ்தலாவில் ஏராளமான உடல்களைப் புதைத்ததாக முன்னாள் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அளித்த புகார் நாடெங்கும் பேசப்பட்ட வேளையில், கோயில் நிர்வாகியும் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டேயின் சகோதரருமான ஹர்ஷேந்திர குமார் வழக்குத் தொடர்ந்தார். நீக்கக் கோரப்பட்ட இணைப்புகள் 8,842. அவற்றில் யூடியூப் காணொளிகள் 4,140. இன்ஸ்டாகிராம் பதிவுகள் 3,584. ஃபேஸ்புக் பதிவுகள் 932. செய்திக் கட்டுரைகள் 108. எஞ்சியவை ரெடிட், எக்ஸ் தளப் பதிவுகள். மனு வந்த வேகத்தில் இவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, எது அவதூறு, எது நியாயமான செய்தி என்று பிரித்தறிய எந்த நீதிபதிக்கும் இயலாது. ‘குட்லா ராம்பேஜ்’ என்ற மங்களூரு யூடியூப் சேனலின் மனுவை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி எம்.நாகபிரசன்னா, தடையை ரத்து செய்து, இடைக்கால மனுவை மீண்டும் பரிசீலிக்குமாறு கீழமை நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டார்.

அந்த விவகாரத்தில் பின்னர் திருப்பம் ஏற்பட்டது. ஆகஸ்ட் 23-ம் தேதி, பொய்ச் சாட்சியம் அளித்ததாகப் புகார்தாரரே சிறப்புப் புலனாய்வுக் குழுவால் கைது செய்யப்பட்டார். இணையத்தில் பரவியவற்றில் பொய்யும் மிகையும் இருந்திருக்கலாம் என்பதற்கு இது சான்றாகலாம். ஆயினும் அந்தத் திருப்பத்தை வெளிக்கொணர்ந்தது புலன்விசாரணைதான், தடையாணை அன்று. தடை முழுமையாக நீடித்திருந்தால், புகாரைப் போலவே புகாரின் தளர்வும் செய்தியாவது கடினமாகியிருக்கும்.

ஆட்டோ சங்கர் முதல் புட்டசாமி வரை

இந்தக் கேள்விக்கான அடிப்படைத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் பிறந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. காவல் துறை, சிறைத் துறை அதிகாரிகள் சிலருடன் அவருக்கிருந்த தொடர்புகள் அதில் இடம்பெற்றிருந்ததாகக் கூறப்பட்டது. வெளியிடக் கூடாது என்று சிறைத் துறை எச்சரித்ததை அடுத்து ஆசிரியர் ஆர்.ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1994 அக்டோபர் 7-ம் தேதி நீதிபதி பி.பி.ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு இரு பக்கமும் கூரான கத்தி. தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. திருமணம், குடும்பம், மகப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவரது அனுமதியின்றி எழுதக் கூடாது. எழுதினால் இழப்பீடு கோரலாம். அதேவேளையில், நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்திகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் மட்டும் அங்கும் காக்கப்பட வேண்டும். அரசு அதிகாரிகள் தங்கள் அலுவல் சார்ந்த செயல்களுக்குத் தனியுரிமை கோர இயலாது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை; பாதிப்பு இருந்தால் வெளியான பிறகு வழக்குத் தொடரலாம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக உறுதிசெய்த வழக்கிலும் பெங்களூருவின் பெயர் பதிந்துள்ளது. அந்த வழக்கின் மனுதாரர் கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் தொடர்ந்த அந்த வழக்கு, குடிமக்களின் தகவல்களைச் சேகரிக்கும் அரசுக்கு எதிரானது. அதிகாரத்துக்கு எதிராகக் குடிமகன் வென்றெடுத்த அதே உரிமையை, கேள்வி கேட்கும் குடிமகனுக்கு எதிராக அதிகாரத்தில் இருப்பவர்கள் மேற்கோள் காட்டுவதே அதன் பிந்தைய வரலாற்றின் ஒரு பகுதி.

2024 மார்ச் 22-ம் தேதி, ப்ளூம்பெர்க் நிறுவனத்துக்கு எதிராக ஜீ நிறுவனம் டெல்லி நீதிமன்றத்தில் பெற்ற தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மூன்று கேள்விகளை இயந்திரத்தனமாகப் பொருத்திப் பார்ப்பது ஊடக வழக்குகளில் போதாது என்றது. செய்தி தீய நோக்கம் கொண்டது அல்லது வெளிப்படையாகப் பொய்யானது என்று காட்டப்பட்டாலன்றி, முழு விசாரணைக்கு முன் தடை விதிக்கலாகாது. விசாரணைக்கு முந்தைய தடை அந்த எழுத்துக்கு மரண தண்டனையாக முடியக்கூடும் என்றும் எச்சரித்தது. தர்மஸ்தலா உத்தரவு இதற்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து வந்தது.

எது பொதுநலன்?

மக்கள் எதை அறிய விரும்புகிறார்கள் என்பது வேறு. எதை அறிவது அவர்களுக்கு அவசியம் என்பது வேறு. நடிகர் ஒருவரின் திருமண முறிவு முதல் வகை. அவர் பொதுப் பணத்தையோ பதவியையோ சட்டத்தையோ தொடும் இடம் இரண்டாம் வகை. எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கன்னட நடிகர் தர்ஷன் விவகாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

சித்ரதுர்காவைச் சேர்ந்த ரசிகர் ஒருவரின் கொலை வழக்கில் தர்ஷன் 2024 ஜூன் 11-ம் தேதி கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை அவர் மறுத்து வருகிறார். கைதுக்குப் பிறகு அவரது குடும்ப உறவுகள் குறித்துத் தொலைக்காட்சிகளில் பல வாரங்கள் ஓடிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றைப் பொதுநலன் என்று வகைப்படுத்துவது கடினம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு புகைப்படம் வெளியானது. பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை வளாகத்தில், கையில் சிகரெட்டும் கோப்பையுமாக, ரவுடிகள் என்று கூறப்பட்டவர்களுடன் நாற்காலியில் தர்ஷன் அமர்ந்திருந்த படம் அது. தோற்றத்தில் அது பிரபலம் ஒருவரின் ஓய்வு நேரப் படம். உள்ளடக்கத்திலோ, சிறைச் சட்டம் யாருக்கு எப்படி வளைகிறது என்பதற்கான ஆவணம். சிறை அதிகாரிகள் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தர்ஷன் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். 2024 செப்டம்பரில், குற்றப்பத்திரிகையின் உள்ளடக்கத்தை வெளியிட ஊடகங்களுக்கு உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடோ இதிலிருந்து வேறுபட்டது. நியாயமான விசாரணைக்கான உரிமையை மையமாகக் கொண்ட கட்டுப்பாடு அது. ஒரே மனிதர், ஒரே வழக்கு. ஆனால் மூன்று வெவ்வேறு விடைகள்.

ஊடகம் தவறிழைத்ததாக நீதிமன்றம் கண்டறிந்த வழக்குகளும் உண்டு. தமிழில் ‘குத்து’, ‘பொல்லாதவன்’, ‘வாரணம் ஆயிரம்’ படங்களின் வழி அறிமுகமான திவ்யா ஸ்பந்தனா என்ற ரம்யாவை, 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்துடன் இணைத்துக் கன்னடச் செய்தித் தொலைக்காட்சி ஒன்று செய்தி ஒளிபரப்பியது. அவர் தொடர்ந்த வழக்கில் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க பெங்களூரு நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டு, செய்தி பொய் என முடிவான பிறகு கிடைத்த தீர்வு அது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஒருதலைத் தடையின் பின்னால் பிரபலங்கள் ஓடுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

அவதூறும் தனியுரிமை மீறலும் சட்டத்தில் ஒன்றல்ல. அவதூறு வழக்கில் உண்மை என்பது ஊடகத்தின் கேடயம். தனியுரிமை வழக்கில் உண்மையாக இருப்பதுதான் சிக்கலே. பெங்களூரு மனுக்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கலந்தே தாக்கல் செய்யப்படுகின்றன: செய்தி பொய் என்றும், வெளியானால் குடும்பத்தின் மானம் போகும் என்றும். பொய் என்றால் அதை நிரூபிக்க வேண்டும். அந்தரங்கம் என்றால் பொதுநலனோடு எடைபோட வேண்டும். இரண்டும் கலந்துவிடும்போது இரண்டு தேர்வுகளுமே நடைபெறாமல் போய்விடுகின்றன.

எழுத்தாளர் குஷ்வந்த் சிங்கின் தன்வரலாற்று நூலுக்கு எதிராக 1995-ல் மேனகா காந்தி பெற்ற தடையை 2001-ல்தான் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு நீக்கியது. பாதிப்பு இருப்பின் இழப்பீடு கோரலாம், வெளியீட்டைத் தடுக்க இயலாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சென்னையில் எழுத்தாளர் வாஸந்தி ஆங்கிலத்தில் எழுதிய ஜெயலலிதா வாழ்க்கை வரலாறும் அவர் பெற்ற தடையால் முடங்கியது. ஜெயலலிதாவைப் பற்றி வாஸந்தி பின்னர் மற்றொரு நூலும் எழுதினார்.

தடையாணை கேட்க இயலாதவர்கள்

ஹாசன் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. 2023-ல் தடை கேட்டவர் அதிகாரம் மிக்க ஆண். 2024-ல் பென் டிரைவ்களில் முகம் மறைக்கப்படாமல் பரவியவர்கள் பெண்கள். அவர்களில் வீட்டுப் பணியாளர்களும் இருந்தனர். தனியுரிமை முழுமையாகச் சிதைக்கப்பட்டவர்கள் அவர்களே. பேருந்து நிலையங்களிலும் பூங்காக்களிலும் பென் டிரைவ்கள் வீசிச் செல்லப்பட்டதாகவும், சில குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறியதாகவும் அப்போது செய்திகள் வெளியாயின. அந்தப் பெண்களின் சார்பில் 86 ஊடகங்களின் பெயர்ப் பட்டியலோடு எந்த வழக்கறிஞரும் முன்கூட்டி நீதிமன்றம் செல்லவில்லை. செல்லவும் இயலாது, அத்தகைய காணொளிகள் இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

குற்றம் நடந்ததாகக் கூறப்படுவது பொதுநலன் சார்ந்த செய்தி. காணொளியோ, அதில் இருப்பவரின் முகமோ செய்தி அன்று. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அந்தரங்கப் படங்களை அனுமதியின்றி எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள் வரை தண்டனைக்குரியவை. பாலியல் காட்சிகளை இணையவழிப் பரப்பினால் 67-ஏ பிரிவின்கீழ் முதல் முறைக்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவை ஊடகங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புபவருக்கும் பொருந்தும்.

லண்டனின் பாடம்

பிரபலங்களின் தனியுரிமைத் தடைகளுக்குப் பெயர் பெற்ற நகரம் லண்டன். 2011-ல் கால்பந்து வீரர் ரயன் கிக்ஸ் பெற்ற தடையைச் சுமார் 75,000 பேர் ட்விட்டரில் மீறியதாக நாடாளுமன்றத்திலேயே கூறி, உறுப்பினர் ஜான் ஹெமிங் அவரது பெயரை அவையில் வெளியிட்டார். தடை கேலிக்குரியதாகிவிட்டது என்று அப்போது பலர் கருதினர். எனினும் 2016-ல் வேறொரு பிரபலத்தின் வழக்கில், வெளிநாட்டு இதழ்களிலும் இணையத்திலும் பெயர் வெளியான பிறகும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தடையைத் தொடர்ந்தது. ஒருவரின் படுக்கையறை உறவை அறிவதில் சட்டப்படியான பொதுநலன் ஏதுமில்லை என்பதே அதன் நிலைப்பாடு. மாடல் அழகி நவோமி கேம்ப்பெல் வழக்கில் 2004-ல் வெளியான தீர்ப்பு இன்னும் நுட்பமானது. போதைப்பொருள் பழக்கமே இல்லை என்று அவர் பொதுவெளியில் கூறிவந்ததால், அது பொய் எனச் சுட்டிக்காட்டும் உரிமை பத்திரிகைக்கு உண்டு. ஆனால் சிகிச்சைக் கூட்டத்தின் விவரங்களையும், அதிலிருந்து வெளியே வரும் படத்தையும் வெளியிட்டது அத்துமீறல் எனப் பிரபுக்கள் அவை கூறியது.

இந்திய ஊடக வழக்கறிஞர்களுக்குப் பயன்படக்கூடியது இவற்றைவிட ஒரு சட்டப் பிரிவு. பிரிட்டனின் 1998-ம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, எதிர்த்தரப்புக்குத் தகவல் தெரிவிக்க இயன்ற முயற்சிகள் அனைத்தையும் மனுதாரர் மேற்கொண்டிருக்க வேண்டும். அல்லது தெரிவிக்காததற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். முழு விசாரணையில் வெல்லும் வாய்ப்பு மனுதாரருக்கு இருந்தாலன்றி, அதற்கு முன் வெளியீட்டைத் தடுக்கக் கூடாது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஊடகத்துக்கென அத்தகைய தனிப்பிரிவு இல்லை. அந்த இடைவெளியை ப்ளூம்பெர்க் போன்ற தீர்ப்புகளே நிரப்ப வேண்டியுள்ளது. கீழமை நீதிமன்றங்கள் அவற்றை ஒவ்வொரு உத்தரவிலும் பின்பற்றினால் மட்டுமே அது நடக்கும்.

தடைக்குள்ளாகும் ஊடகத்துக்கு இன்றைய சட்டத்தில் சில வழிகள் உள்ளன. 39-வது கட்டளையின் 4-வது விதியின்கீழ் தடையை நீக்கவோ திருத்தவோ அதே நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு வரும் என முன்கூட்டியே தெரிந்தால், தம்மைக் கேளாமல் உத்தரவிடக் கூடாது என்று 148-ஏ பிரிவின்கீழ் கேவியட் மனு தாக்கல் செய்யலாம். அது 90 நாள்கள் செல்லும். பெரிய நிறுவனங்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. சட்டப் பிரிவு இல்லாத சிறிய செய்தித் தளங்கள், நோட்டீஸ் வந்ததும் செய்தியை நீக்கிவிடுவதே வழக்கம். தர்மஸ்தலா தடையை எதிர்த்து வென்றதும் ஒரு சிறிய சேனல்தான் என்பது இந்த வழக்கத்துக்கு விலக்கு.